‘பெற்றோருக்கு விருப்பமில்லை’: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிக் கல்வித் துறையில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் என் மகள் ‘இடைநின்றவர்’ என்றும், என் மகன் ‘பள்ளியில் சேராதவர்’ என்றும் பதிவாகியிருக்கிறார்கள். காரணம் என்ற இடத்தில் இருவருக்கும் ஒரே பதில்: ‘பெற்றோருக்கு விருப்பமில்லை.’ மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. இருவரும் மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில், என்னிடமும் தாத்தா பாட்டியிடமும் படிக்கிறார்கள். அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கணக்கெடுக்க வந்தவர் மீது எனக்குக் குறை இல்லை. வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்கி ஒவ்வொரு கதவையும் தட்டியவர் அவர். மகளிடம் பேசினார், அவளுடைய நோட்டுகளைப் புரட்டினார். மகனை ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார், வாசித்தான். “நல்லாத்தான்மா படிக்கிறாங்க, ஆனா இதுல போடறதுக்கு இடமே இல்லையே” என்று கையிலிருந்த போனைக் காட்டினார். வேலைக்குப் போகும் பிள்ளை, பிழைப்புக்காக ஊர் மாறி வந்த பிள்ளை, உடம்பு முடியாத பிள்ளை என்று ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு காரணம் அதில் இருந்தது. வீட்டிலேயே பெற்றோர் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை. ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் வரும் என்பதால், இருப்பதில் நெருங்கியதாக அவருக்குப் பட்டதைத் தொட்டுவிட்டுப் போனார்.

அதைத் திருத்தக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். “ஏதாவது ஒரு ஸ்கூல்ல பேரைப் போட்டு வையுங்கம்மா, போகணும்னுகூட இல்லை, லிஸ்ட்ல இருந்து தானா போயிடும்” என்றார்கள். நல்லெண்ணத்தில் சொன்ன யோசனைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். வராத பிள்ளைக்கு ஒரு பள்ளி வருகைப் பதிவு போட வேண்டும். அந்தப் பொய்யில் நானும் கையெழுத்துப் போட வேண்டும், என் பிள்ளைகளுக்கும் அது தெரிய வேண்டும். உண்மையைச் சொன்னால் இடைநின்றவர், பொய் சொன்னால் மாணவர் என்ற நிலையில் ஒரு குடும்பத்தை நிறுத்துவது நியாயமா?

விருப்பமில்லாத பெற்றோர் என்று பதிவான நாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்காக நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். கணவரின் ஒரு சம்பளத்தில், மாமனார் மாமியாரோடு சேர்த்து ஆறு பேர் சாப்பிடுகிறோம். ஒவ்வொரு ஜூன் மாதமும் நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்துக்கு (இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்) போய், நீங்கள் அச்சிட்ட பாடநூல்களைக் காசு கொடுத்து வாங்கி வருகிறேன். 2018 முதல் வந்த உங்கள் புதிய பாடநூல்கள் மிக நல்ல புத்தகங்கள் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். எங்கள் வீட்டில் அவை தேய்ந்து, அட்டை கிழிந்து, பிளாஸ்டர் போட்டுப் புழங்குகின்றன.

மகள் பள்ளிக்குப் போனவள்தான். எழுத்துக் கூட்டி வாசிப்பதே அவளுக்குச் சிரமம். வகுப்பில் இருக்கும் கூட்டத்தில் அவளுக்காக யாரும் நிற்க முடியாது. பாடம் ஓடிக்கொண்டே இருக்கும், அவள் பின்னால் நின்றுவிடுவாள். ஞாயிறு இரவே வயிறு வலிக்கிறது என்பாள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவள் இரண்டாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்பைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அணைத்தோம். ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தாத்தாவோடு உட்கார்ந்து வாசித்தாள். அவசரம் இல்லை, பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாள் பேருந்தில் கடைப் பலகைகளை ஒன்று விடாமல் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள். 2021 நவம்பர் 1-இல் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறந்தபோது, அவளை உடனே திருப்பி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. வீட்டில் பெரிய விவாதம். மாமியார் ஒத்துக்கொள்ளவே இல்லை. “நாலு பேர் என்ன நினைப்பாங்க” என்பதைவிட, “பொம்பளப் பிள்ளைய வீட்ல வச்சுக்கிட்டா அது கடைசில அடுப்படிலதான் போய் நிக்கும்” என்பதுதான் அவருடைய பயம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

இன்று என் மகனுக்கு முக்கியமான கணக்கு டீச்சர் அந்த மாமியார்தான். தெருப் பெண்களுக்கு அவர் ஏலச் சீட்டு நடத்துகிறார். இந்த மாதம் யார் எடுத்தார்கள், ஏலத்தில் விட்டுக்கொடுத்த தள்ளு எவ்வளவு, மிச்சம் ஆளுக்கு எவ்வளவு கழியும் என்று அவன்தான் நோட்டில் போட்டுக் காட்ட வேண்டும். தப்பானால் மாலைக்குள் நாலு அக்காமார் வந்து கேட்பார்கள். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார், வெர்னியர் காலிபரை வைத்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றால் என்ன என்பதைக் கையில் பிடித்துக் காட்டியிருக்கிறார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் வடிய நாட்கள் ஆயின. தண்ணீர் ஏன் போகவில்லை என்று மகள் கேட்டாள். அந்த ஒரு கேள்வி பல மாதப் பாடமாக வளர்ந்தது. கீழ்க்கட்டளை ஏரியும் நாராயணபுரம் ஏரியும் நிரம்பினால் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வர வேண்டும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு கோவளம் முகத்துவாரத்துக்கும் போக வேண்டும் என்பதை நடந்தும் பேருந்திலும் போய்ப் பார்த்தாள். வழியில் எங்கெல்லாம் கட்டடம் முளைத்திருக்கிறது என்று வரைபடத்தில் குறித்தாள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம் இது, நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைக் கரையில் நின்று பார்த்திருப்பார்கள்? அவள் எழுதிய கட்டுரையில் எழுத்துப் பிழை இருக்கிறது. ஆனால் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில் பிழை இல்லை. கணக்கெடுக்க வந்தவர் புரட்டியது அந்த நோட்டைத்தான்.

இதைவிட என்னை வருத்துவது ஒன்று உண்டு. கொரோனாவுக்குப் பிறகு கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை அரசு தொடங்கியபோது, நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். பட்டதாரி என்று பார்த்து, தேர்வு செய்து, பயிற்சி கொடுத்து, பக்கத்துத் தெருப் பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்தீர்கள். மாலை நேரத்தில் எங்கள் மொட்டை மாடியில் பாய் விரித்துப் பாடம் நடத்தினேன். அருமையான திட்டம், அதில் இருந்ததை இப்போதும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். அதே பாயில் என் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதியானவள் என்று நீங்கள் நம்பிய ஒரு பெண், தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அது எப்படி ‘விருப்பமில்லை’ ஆகிறது?

கொரோனா காலத்தில் வீட்டில் படித்த பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கினார்கள் என்று பார்த்தோமே என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தோம். அன்று வீட்டில் நடந்தது வீட்டுக் கல்வி அல்ல. போன் இல்லாத வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை, போன் இருந்த வீட்டில் ஒரு சின்னத் திரைக்குள் பள்ளி நடந்தது. பெரியவர் ஒருவர் முழு நேரமும் பக்கத்தில் இருந்து, பிள்ளையின் வேகத்துக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு. எல்லாக் குடும்பத்தாலும் அது முடியாது, முடியவும் தேவையில்லை. என் தெருவில் யாராவது வந்து “நாங்களும் நிறுத்திடலாமா” என்று கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பள்ளி என்பதே எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கத்தானே, வசதியும் சாதியும் பார்த்து ஒதுங்கிக்கொள்வதற்கு ஹோம்ஸ்கூலிங் இன்னொரு பெயரா என்றும் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் அம்மா கிராமத்துப் பள்ளிக்குப் போனது காமராசர் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த மதிய உணவு அங்கே வந்து சேர்ந்ததால். அவர் படித்ததால்தான் நான் படித்தேன். இப்போதெல்லாம் காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டில் உப்புமாவும் பொங்கலும் விழுகிறதைப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கும். பொதுப் பள்ளி இந்த மாநிலத்துக்கு என்ன செய்தது என்று தெரிந்த குடும்பம் எங்களுடையது. அதனால்தான் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. மாநகராட்சி விளையாட்டுத் திடலில் எல்லோரோடும் விளையாடுகிறார்கள், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் நாள் முழுக்க உட்கார்கிறார்கள்.

ஆனால் வெளியே போகும்போதுதான் அந்த ‘இல்லாத கட்டம்’ திரும்பத் திரும்பக் காலில் இடறுகிறது. மகள் சிலம்பம் கற்றுக்கொள்கிறாள், நன்றாகவே சுற்றுவாள். முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பள்ளி மாணவர் பிரிவுக்குப் பள்ளி வேண்டும், பொதுமக்கள் பிரிவு 15 வயதில்தான் தொடங்குகிறது. 13 வயதுப் பெண் எங்கே நிற்பாள்? பேருந்தில் அவளுக்குக் கவலையில்லை, விடியல் பயணம் இருக்கிறது. அவள் தம்பிக்கு டிக்கெட் எடுக்கிறேன், ஏனென்றால் மாணவர் பயண அட்டை பள்ளி வழியாகத்தான் வரும். அது பெரிய தொகை இல்லை, விடுங்கள். தடுப்பூசியை அப்படி விட முடியாது. 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசியைப் பள்ளிக்கே வந்து போடுகிறார்கள். மகளுக்குப் பத்து வயதானபோது நானாகத் தெரிந்துகொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன், செவிலியர் அக்கறையாகப் போட்டுவிட்டார். இது தெரியாத அம்மாவின் பிள்ளையை யார் கூப்பிடுவார்கள்?

அங்கேதான் என் மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். எங்களைப் பார்க்காதீர்கள், கேள்வி கேட்காதீர்கள் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. வந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். ‘இடைநின்றவர்’ என்ற அதே பட்டியலில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட பெண் இருக்கிறாள். மெக்கானிக் கடையில் நிற்கும் பையன் இருக்கிறான். கல்யாணத்துக்குப் பேசி வைக்கப்பட்ட சிறுமி இருக்கிறாள். இவர்களைத் தேடித்தான் உங்கள் ஆட்கள் வெயிலில் நடக்கிறார்கள். என் பிள்ளைகளை அந்தப் பட்டியலில் சேர்ப்பதால், அவர்களுக்குச் செலவாக வேண்டிய நேரம் என் வீட்டு வாசலில் வீணாகிறது. அதைவிட மோசம், அந்தச் சிறுமியின் வீட்டில் “வீட்லயே படிக்கிறா” என்று சொல்லிவிட்டால், அது உண்மையா என்று சோதிக்க உங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. வீட்டுக் கல்விக்கு ஒரு முறையான பதிவு இருந்தால், பதிவு செய்யாமல் அப்படிச் சொல்லும் வீட்டில் அடுத்த கேள்வியைக் கேட்கலாம். என் பிள்ளைகளைவிட அந்தச் சிறுமிக்குத்தான் இந்தக் கட்டம் அதிகம் தேவை.

சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவில் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது வைக்கவில்லை. வீட்டுக் கல்வி கூடும் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அரசியல் சாசனத்தின் 51அ பிரிவோ, பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்புகளை ஏற்படுத்தித் தருவது பெற்றோரின் கடமை என்கிறது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லும், ஜெர்மனியில் செல்லாது. ஆம் என்றோ இல்லை என்றோ அங்கே பெற்றோருக்கு ஒரு பதில் கிடைக்கிறது. நாங்கள் ஒவ்வொரு அலுவலரின் மனப்போக்கைப் பொறுத்து வாழ்கிறோம்.

ஆனால் அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையான குழந்தைகளின் பதிவேட்டை உள்ளாட்சி அமைப்பு பராமரிக்க வேண்டும் என்கிறது. மாணவர்களின் பதிவேடு அல்ல, குழந்தைகளின் பதிவேடு. 4-ஆம் பிரிவு, பள்ளியில் சேராத பிள்ளையோ பாதியில் நின்ற பிள்ளையோ எப்போது வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தேவைப்பட்டால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. நடைமுறை வேறாக இருக்கிறது. தாம்பரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், சில ஆண்டுகள் வீட்டில் படித்த மகனைப் பள்ளியில் சேர்க்கப் போனது. “இத்தனை வருஷத்துக்கு டி.சி. எங்கே” என்று கேட்டார்கள். கடைசியில் இரண்டு வகுப்பு கீழே போட்டுச் சேர்த்தார்கள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்த அந்தப் பையன் முதல் மாதம் யாரோடும் பேசவில்லையாம். திரும்பி வர நினைப்பவருக்குக் கதவு இப்படித் திறந்தால், வர வேண்டிய பிள்ளையும் வராது.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஏற்பாடுகளை வைத்தே இதைச் சரிசெய்துவிடலாம். தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்துகிறீர்கள், பன்னிரண்டரை வயது முடிந்தால் போதும், பள்ளி கேட்பதில்லை. பத்தாம் வகுப்புக்கும் தனித்தேர்வர் வழி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதிந்து, தமிழ் வழியிலேயே எழுதலாம். ஆக, தேர்வு எழுதும் வயதில் எங்கள் பிள்ளைகளைப் பார்க்க உங்களுக்குக் கண் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆறேழு ஆண்டுகள்தான் இருட்டாக இருக்கின்றன.

என் கோரிக்கைகள் இவை. கணக்கெடுப்புப் படிவத்திலும் செயலியிலும் ‘வீட்டில் கற்பவர்’ என்று தனிப் பதிவு ஒன்றைச் சேருங்கள், ஏற்கெனவே தவறாகப் பதிவானவர்கள் எழுத்து மூலம் கேட்டால் திருத்த வழி செய்யுங்கள். இது மற்ற எல்லாவற்றையும்விட முதலில் நடக்க வேண்டும்.

அப்படிப் பதிவு செய்யும் குடும்பங்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது வட்டார வள மையத்துக்கு அழையுங்கள், அல்லது ஆசிரியர் பயிற்றுநர் ஒருவரை வீட்டுக்கு அனுப்புங்கள். பிள்ளையிடம் தனியாகப் பேசட்டும். பெற்றோர் பக்கத்தில் நிற்க வேண்டாம். அவள் என்ன படித்தாள், நன்றாகச் சாப்பிடுகிறாளா, நண்பர்கள் இருக்கிறார்களா, பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறாளா என்று கேட்கட்டும். தேர்வாக வைக்காதீர்கள், உரையாடலாக வையுங்கள். பிள்ளை கற்கவில்லை என்று தெரிந்தால் முதலில் எங்களுக்கு வழிகாட்டுங்கள், அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் பள்ளியில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த நிபந்தனையை நான் மனதார ஏற்கிறேன். நான் பேசியிருக்கும் மற்ற பெற்றோரில் சிலருக்கு இதில் உடன்பாடில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வீட்டில் கற்ற பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது மாற்றுச் சான்றிதழ் கேட்கக்கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும் என்று 4-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

பதிவு பெற்ற பிள்ளைக்கு ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணை வைத்து அருகில் உள்ள அரசுப் பள்ளியில் தடுப்பூசி நாளுக்கும் கண் பரிசோதனைக்கும் வரவும், வட்டார விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்ளவும் வழி செய்யுங்கள். இலவசப் பொருட்கள் எதுவும் எங்களுக்கு வேண்டாம், அவை பள்ளிப் பிள்ளைகளுக்கே போகட்டும்.

இந்த விதிகளை வகுக்கும்போது எங்களைப் போன்ற பெற்றோரோடு, குழந்தைத் தொழிலாளர் மீட்பிலும் குழந்தைத் திருமணத் தடுப்பிலும் களத்தில் இருப்பவர்களையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். அவர்கள் எழுப்பும் சந்தேகங்களுக்கு நாங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக் கல்வி தமிழ்நாட்டில் கூடாது என்பதுதான் துறையின் முடிவு என்றால், அதையாவது காரணத்தோடு எழுத்தில் சொல்லுங்கள். அடுத்த கணக்கெடுப்பு தொடங்கும் முன் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டில் கற்கும் இரண்டு பிள்ளைகளின் அம்மா,
மடிப்பாக்கம், சென்னை